கண்ணாடிமேல் கோழிக்குஞ்சு

இருபத்துநான்கு வருடம் நடித்த பிறகு எனக்குக் கதாநாயகி வேடம் கிடைத்தது. அதுவரை என் முகத்தை எல்லோருக்கும் தெரியும், பேர் யாருக்கும் தெரியாது. வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, ஆஸ்பத்திரி வராந்தாவில் அழும் மூன்று பெண்களில் மூன்றாவது பெண், பணக்கார அம்மாவிடம் அறை வாங்குகிறவள். அறை வாங்குவதில் எனக்கு நல்ல பேர். கன்னத்தைச் சரியான நேரத்தில் திருப்பிவிடுவேன். சத்தம் வரும், வலி வராது. பஸ்மாதிரி ஓடும் ஜீப்னி வண்டியில் ஏறினால் "அந்த அறை வாங்குற பொம்பளடி" என்று யாராவது கிசுகிசுப்பார்கள். பெர்பெத்துவா என்ற முழுப் பேரை ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஒரு தடவை சொன்னதோடு சரி. ஊருக்கு நான் பெத்தாங்.

படத்தின் பேர் 'ஐந்து சட்டைகள்'. துணி துவைத்துப் பிழைக்கும் ஒருத்தியின் மகனைப் போலீஸ்காரர்கள் ஐந்து பேர் கொன்றுவிடுகிறார்கள். அவர்களுடைய சட்டைகளே அவளிடம் சலவைக்கு வருகின்றன. கறையை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். பிறகு ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டி, ஒவ்வொரு சட்டையாகக் கொடியில் காயப்போடுகிறாள். பழிவாங்கும் கதைகளில் எங்கள் ஜனங்களுக்கு அலுப்பே வராது. நிஜத்தில் நான் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை, கடையில் அறுத்துத்தான் வாங்குவேன். சண்டைப் பயிற்சியாளர் மூன்று வாரம் எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கைக்குக் கத்தி பழகியதோ இல்லையோ, முழங்கால் வலி வந்தது.

ஐந்து பேரின் தலைவனாக நடித்தவர் கிறிசாந்தோ வில்லமார். முப்பது வருடத்துக்கு முன்னால் காதல் படங்களில் மழையில் நனைந்தே சம்பாதித்தவர். இப்போது அறுபது. சட்டைக்குள் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். நல்ல மனுஷன், தன் சாப்பாட்டு டப்பாவை எல்லோருக்கும் நீட்டுவார்.

என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டைரக்டர் மிக்கேலா சின்னப் பெண், முப்பது இருக்கும். நடிப்புத் தேர்வுக்கு வந்த மற்ற பெண்கள் எல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வசனத்தைக் கடைக்காரரிடம் உப்பு கேட்பதுபோல் படித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். மிக்கேலா எழுந்தே விட்டாள். "என்ன ஒரு அடக்கம்!" என்றாள். அடக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். எனக்குள் ஒன்றும் இல்லை. ஏழு வருடமாக இல்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவேன், பசித்துச் சாப்பிட்டதில்லை.

என் மகன் ஜெர்வினுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஐஸ் வாங்கிவரச் சொல்லி நான்தான் அனுப்பினேன். பட்டப்பகல். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஐஸ் உருகி அவன் சட்டையில் கலந்திருந்தது. அந்த வருடம் எங்கள் பேட்டையில் போதை விற்கிறவர்கள் என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருந்தது, அதில் பேர் இருந்தால் சுட்டுவிடுவார்கள். அதை எழுதியவர் பேட்டைக் காவல்படைத் தலைவர் ஓஸ்திங். ரகசியமெல்லாம் இல்லை, சபேலின் வாழைப்பழப் பொரியல் கடை பெஞ்சில் உட்கார்ந்து, பொரியலைத் தின்றுகொண்டேதான் எழுதினார். என் மகன் போதை விற்றவன் இல்லை. கூடைப்பந்துத் திடலில் ஒரு நாள் அவரை எதிர்த்துப் பேசினான், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். துப்பாக்கிச் சூடு என்றால் பிரேதப் பரிசோதனை, விசாரணை, மாதக்கணக்கில் அலைச்சல். நிமோனியா என்றால் இன்றைக்கே எடுத்துப்போகலாம். அந்தக் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்தவரும் ஓஸ்திங்தான்.

"தங்கச்சி, புள்ள எப்படியும் திரும்பி வரப்போறதில்ல. நிமோனியான்னு போட்டுடு. மரியாதையா அடக்கம் பண்ணிடலாம். நான் பாத்துக்கறேன்."

கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. நானேதான் போட்டேன்.

எங்களில் யாராவது கொலையுண்டு செத்தால், சவப்பெட்டியின் கண்ணாடிமேல் உயிரோடு ஒரு கோழிக்குஞ்சை விடுவோம். முகத்துக்கு நேராக அது கண்ணாடியைக் கொத்தக் கொத்த, கொன்றவன் மனசாட்சியும் கொத்துப்படும், நிம்மதியாகத் தூங்க மாட்டான் என்பது நம்பிக்கை. காய்ச்சலில் செத்தவனுக்குக் குஞ்சு கிடையாது. முதல் நாளே சபேல் ஒரு பால்பவுடர் டப்பாவை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே மஞ்சளாக ஒரு குஞ்சு கீச்கீச்சென்றது.

"வைடி," என்றாள்.

"வேண்டாம் சபேல்."

"ஏன்?"

"நிமோனியா."

அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் முதலில் வெறும் கண்ணாடியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள்.

பெட்டியை வீட்டில் வைத்திருந்த ஐந்து நாளும் ஓஸ்திங் வந்தார். காப்பித்தூள் கொண்டுவந்தார், ராத்திரி விழித்திருப்பவர்கள் சீட்டாடும் மேஜையில் உட்கார்ந்தார். கிளம்பும்போது மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. சாவு வீட்டிலிருந்து நேரே தன் வீட்டுக்குப் போகக்கூடாது, செத்தவன் பின்னாலேயே வந்துவிடுவான். வழியில் எங்காவது நின்று உதறிவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்கள் முனைக்கடையில் ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டு நகர்வார்கள். ஓஸ்திங் முழு சிகரெட்டைப் பற்றவைத்து, கடைசிவரை இழுத்து முடித்துவிட்டே வீட்டுக்குப் போவார். அவர் வீடு எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. இத்தனை வருடமாகத் தினமும் காலையில் "சாப்டியா தங்கச்சி?" என்பார். "ஆச்சுண்ணே" என்பேன்.

எனக்கு யாரையும் கொல்ல ஆசையில்லை. அன்றைக்கு வைக்காத அந்தக் கோழிக்குஞ்சை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். என் மகன் காய்ச்சலில் சாகவில்லை என்று ஒரே ஒரு தடவை என் தெருவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஆனால் பெட்டி மண்ணுக்குள் போய் ஏழு வருடம் ஆயிற்று. குஞ்சை எதன்மேல் வைப்பது?

அப்போதுதான் படக்குழு எங்கள் தெருவையே படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்தது. நான் சொல்லி அல்ல. ஒடுக்கமான சந்து, பக்கத்தில் கால்வாய், கடல் ஏறினால் கணுக்கால் தண்ணீர். அழகான ஏழ்மை என்று மிக்கேலாவுக்கு ஒரே சந்தோஷம். என் வீடு அங்கேதான் என்று தெரிந்ததும் இன்னும் சந்தோஷம். மகனைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் விளம்பரத்தில் போட்டுவிடுவார்கள்.

அனுமதி, கூட்டம், நாய்களைக் கட்டிவைப்பது எல்லாம் ஓஸ்திங் ஏற்பாடு. கூலியாக ஒரு வேடம் கேட்டார்.

"அந்த அண்ணன் மூஞ்சி எவ்வளவு கருணையா இருக்கு பாத்தீங்களாக்கா?" என்றாள் மிக்கேலா. "துக்க வீட்டுல சீட்டாடுற கூட்டத்துல நடுவுல உக்கார வச்சிடலாம்."

துக்க வீட்டுக் காட்சியை ராத்திரிக் காட்சி என்று எழுதியிருந்தார்கள், ஆனால் பகலில்தான் எடுத்தார்கள். சந்துக்கு மேலே கறுப்புத் துணி கட்டி, வெயிலை மறைத்து, மஞ்சள் பல்பு போட்டார்கள். பெட்டிக்குள் ரப்பர் பொம்மை. அதன் முகம் ஜெர்வின் மாதிரி துளியும் இல்லை. அதற்காக நான் அந்த ரப்பருக்கு நன்றி சொன்னேன்.

செட்டுப் பொருள் பார்க்கும் நோனோங் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். உள்ளே மூன்று குஞ்சுகள்.

"மூணு எதுக்கு நோனோங்?"

"ஒண்ணு நடிக்கும், ஒண்ணு டூப்பு, ஒண்ணு கோவிச்சிக்கிட்டுப் போனா இன்னொண்ணு. உங்க ஹீரோவுக்குக்கூட இவ்வளவு வசதி இல்ல."

"கேட்டுக்கிட்டுத்தான்டா இருக்கேன்," என்றார் கிறிசாந்தோ, கண்ணை மூடிக்கொண்டு விசிறியடியில் உட்கார்ந்திருந்தவர்.

காட்சி இதுதான். நான் பெட்டியருகே நிற்கிறேன். கொன்ற போலீஸ் தலைவன் துக்கம் கேட்க வருகிறான். கண்ணாடிமேல் குனிகிறான். குஞ்சு அவன் பக்கம் திரும்பிக் கொத்துகிறது. அவன் என்னைப் பார்க்கிறான், எனக்குப் புரிந்துவிடுகிறது, உடைந்து அழுகிறேன்.

குஞ்சு கொத்தவில்லை. விளக்குச் சூட்டுக்குச் சொக்கித் தூங்கிவிட்டது. நோனோங் கண்ணாடிமேல் அரிசிக் குருணை தூவினார். அது குருணைமேலேயே எச்சமிட்டுவிட்டு நடந்தது. இரண்டாவது குஞ்சு கிறிசாந்தோவின் தலைமுடியைக் கொத்தியது. அது ஒட்டுமுடி. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சீட்டு மேஜையில் ஓஸ்திங் எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தார்.

பத்தாவது தடவை குஞ்சு கொத்திவிட்டது. நான்தான் அழவில்லை.

"பரவால்லக்கா, திரும்பப் போலாம்," என்றாள் மிக்கேலா. பதினோராவது தடவையும் அழவில்லை. கண்ணுக்கடியில் மென்தால் குச்சி தடவினார்கள்.

"டைரக்டர், அக்காவுக்குக் கண்ணு அழல, மூக்குதான் அழுது," என்றார் நோனோங்.

மிக்கேலா என்னைத் தனியாக அழைத்துப்போனாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அக்கா, மூணு மணிக்குக் கடல் ஏறுது. தண்ணி வந்துட்டா லைட்டு ஒயரெல்லாம் எடுத்தாகணும். இன்னும் ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். வரலன்னா உங்கள முதுகுப்பக்கம் திருப்பிவச்சி எடுத்துக்கறேன். தோள் மட்டும் குலுங்கினா போதும். தப்பா நெனச்சிக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. இருபத்துநான்கு வருடத்தில் எத்தனையோ தடவை முதுகைத்தான் காட்டியிருக்கிறேன்.

கிறிசாந்தோ கடந்துபோகும்போது மெதுவாகக் கேட்டார். "என்ன பெத்தாங், சம்பளம் பத்தலையா? ஏன் அழமாட்டேங்கற?"

"பழக்கம் விட்டுப்போச்சு சார்."

அவர் என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போனார்.

நான் பெட்டியருகே போய் நின்றேன். கண்ணாடிமேல் குஞ்சு நின்றது. கண்ணாடி, குஞ்சு, பிஸ்கட் தட்டு, சீட்டு மேஜை, அதில் ஓஸ்திங், சந்தின் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கும் என் தெரு. சபேல் தன் கடை வாசலில் கரண்டியோடு நின்றாள். ஏழு வருடத்துக்கு முன்னால் இருந்த எல்லாம் இருந்தது, அப்போது இல்லாத குஞ்சும் இருந்தது. இதைவிட வேறு எப்போது என்று தோன்றியது. ஆவேசமெல்லாம் வரவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் பார்ப்போமே, அவ்வளவுதான் வந்தது.

ஆக்‌ஷன் என்றார்கள். கிறிசாந்தோ வந்து குனிந்தார். நான் குஞ்சைக் கையில் எடுத்தேன், கூடவே கண்ணாடிமேல் கிடந்த குருணையையும் அள்ளிக்கொண்டேன். குஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது, அதன் நெஞ்சு என் விரலில் படபடவென்று அடித்தது. கிறிசாந்தோவைத் தாண்டி நடந்தேன். சீட்டு மேஜைக்குப் போனேன். ஓஸ்திங்கின் வலது கை மேஜைமேல் இருந்தது. புத்தாண்டு வெடி வெடித்து இரண்டு விரல் பாதி போன கை, எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரிந்த கை. குருணையை அந்த விரல்களுக்கு நடுவே கொட்டினேன். அற்புதம் எதுவும் நடக்கவில்லை, நான்தான் கொட்டினேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை. குஞ்சை அதன்முன் விட்டேன்.

"இத அன்னிக்கே வச்சிருக்கணும்," என்றேன்.

குஞ்சு கொத்தியது. விரலைக் கொத்தியது, குருணையைக் கொத்தியது, மறுபடி விரலைக் கொத்தியது. ஓஸ்திங் கையைச் சற்று இழுத்தார். என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். ஏழு வருடம் காத்திருந்ததைவிட அந்த ஐந்து நொடி நீளமாக இருந்தது. பிறகு அவர் தலையைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார்.

"கட்! ஐயோ, அண்ணன் கேமராவப் பாத்துட்டாரு!" மிக்கேலா தலையில் கை வைத்தாள். உடனே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, எங்கேருந்துக்கா புடிச்சீங்க அத? புல்லரிச்சிப்போச்சு! அழவே வேணாம். அவரு கை மட்டும் வச்சிக்கறேன், மூஞ்சிய வெட்டிட்டு அங்க கிறிசாந்தோ சார் மூஞ்சியப் போட்டுக்கறேன்."

தண்ணீர் ஏறுவதற்குள் கிறிசாந்தோவின் முகத்தைத் தனியாக எடுத்தார்கள். அவர் என்னைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். குஞ்சைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். என் கையையே பார்த்தார், கண் நிறைந்தது, உதடு துடித்தது, கன்னத்தில் ஒரே ஒரு துளி இறங்கியது. மென்தால் இல்லாமல். முடிந்ததும் யூனிட்டே கைதட்டியது.

"யாரு அந்த ஆளு?" என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

"பக்கத்து வீடு சார்."

வேன்கள் கிளம்பியபோது அவர் டிரைவரிடம் சத்தம் போட்டார். "நேரா வீட்டுக்கு வுடாத. பர்கர் கடையில நிறுத்து."

"சார், அது ரப்பர் பொணம் சார்."

"பொணம் ரப்பர்டா. பொட்டி நெசம். நிறுத்து."

அன்று சாயங்காலம் ஓஸ்திங் என் வாசலில் நின்றார். கணுக்கால்வரை தண்ணீர். "தங்கச்சி, அந்தக் குஞ்சு நல்லா கிச்சுகிச்சு மூட்டுச்சு போ. நான் சிரிச்சதுல கெட்டுப்போச்சாமே. ஆனா கை வரும்னு சொன்னாங்க."

"வரும்ணே."

அவருக்குப் புரியவில்லை. பாசாங்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பாசாங்கு இல்லை, நடிப்பு எது என்று எனக்குத் தெரியும். அவர் மறந்தே போயிருந்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன். ஒன்றும் உடையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு மணி, சாப்பிட்டேன்.

படம் டிசம்பரில் வந்தது. பத்திரிகைகள் எல்லாம் கிறிசாந்தோவின் அந்த ஒரு துளியைப் பற்றி எழுதின. அவருக்கு விருது கிடைத்தது. மேடையில் என் பேரைச் சொன்னார், முழுப் பேரையும் சொன்னார், அதற்காக அவர் நன்றாக இருக்கட்டும். என்னைப் பற்றியும் எழுதினார்கள். 'உறைந்த நடிப்பு', 'மௌனத்தின் துணிச்சல்' என்றார்கள். 'இத அன்னிக்கே வச்சிருக்கணும்' என்ற வரிக்கு ஒருவர் அரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். தேசத்தின் மனசாட்சியாம். படித்துவிட்டு அதே காகிதத்தில் கருவாட்டைச் சுற்றிவைத்தேன்.

தயாரிப்பாளர் எங்கள் தெருவுக்கு நாற்பது இலவச டிக்கெட் அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய ஜீப்னி பிடித்து எல்லோரும் மாலுக்குப் போனோம். ஓஸ்திங் புதுச் சட்டை போட்டிருந்தார். ஜீப்னி முழுக்க அவர் பேச்சுதான்.

"எல்லாரும் தூங்காமப் பாருங்க. என் கை வருது. டைரக்டரே சொன்னாங்க, க்ளோசப்பு."

"கைக்கு விருது தந்தாங்களாண்ணே?" என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

படம் ஓடியது. என்னையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாரோ ஒருத்தி துணி துவைப்பதுபோல் இருந்தது. துக்க வீடு வந்தது. எங்கள் சந்து, எங்கள் சுவர், சபேலின் கடைப் பலகையின் ஓரம். திரையில் நான் குஞ்சை எடுத்தேன், நடந்தேன். 'இத அன்னிக்கே வச்சிருக்கணும்' என்று என் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. அடுத்து அந்தக் கை வந்தது. ஒரு சுவர் அளவுக்குப் பெரிதாக, பாதி விரல் இரண்டும் தெரிய. குஞ்சு கொத்தியது. மறுபடி கொத்தியது.

"ஏய்! என் கை! பாத்தீங்களா?" என்று ஓஸ்திங் இருட்டில் கத்தினார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு வரிசையிலும் சோளப்பொரி மெல்லும் சத்தம் நின்றுபோனது. திரையில் கிறிசாந்தோவின் முகம் வந்தது, அந்தத் துளி இறங்கியது, முன்வரிசைகளில் வேறு ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். எங்கள் தெரு திரையைப் பார்க்கவில்லை. தலை திரும்பாமலே எல்லோரும் ஓஸ்திங்கைத்தான் பார்த்தார்கள். படப்பிடிப்பில் அவர்கள் பார்த்தது விளக்கும் கேமராவும் கூச்சலும். இப்போது பார்த்தது வெறும் கையும் குஞ்சும். சபேல் என் பக்கத்தில் இருந்தாள். இருட்டில் அவள் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது, படம் முடியும்வரை விடவில்லை. அதற்குப் பிறகு நான் திரையில் ஐந்து பேரைக் கொன்றேன். அது எங்கள் தெருவில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ஜீப்னி காத்திருந்தது. டிரைவர் கதவுக் கம்பியைத் தட்டி, "ஏறுங்க, ஏறுங்க, நேரா தெருவுக்குத்தானே?" என்றான்.

"நேரா வேணாம்," என்றாள் சபேல்.

எதிரே ஒரு டோனட் கடை. நாற்பது பேரும் அதற்குள் நுழைந்தோம். நாற்காலி போதாமல் மடியிலும் படியிலும் உட்கார்ந்தார்கள். கடைக்காரப் பெண் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓஸ்திங் கடைசியில் வந்தார். வாசலில் நின்று சுற்றிப் பார்த்தார். "என்னப்பா இது, எல்லாரும் இங்க? படந்தானே பாத்தோம்?"

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்திருக்கோம்ணே," என்றாள் சபேல்.

"சாவு வீடா? யாரு செத்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் வெறும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த அதே முகங்கள்.

"ஜெர்வின்," என்றேன். "சுட்டுக் கொன்னாங்கண்ணே. காய்ச்சல் இல்ல."

அந்தப் பேரை அவர் எதிரில் சொல்லி ஏழு வருடம் ஆகியிருந்தது. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவர் உட்கார நாற்காலி தேடினார். பக்கத்தில் ஒன்று காலியாக இருந்தது, அதில் யாரோ பையைத் தூக்கி வைத்தார்கள். இன்னொன்றில் ஒரு குழந்தையை உட்காரவைத்தார்கள். அவர் தன் வலது கையைப் பார்த்தார், அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு," என்றார்.

வெளியே போய் ஒரு மூன்று சக்கர வண்டியை நிறுத்தினார். கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிகரெட் பற்றவைக்கவில்லை. ஒரு மிட்டாய்கூட வாங்கவில்லை. வண்டிக்காரனிடம் எங்கள் தெருப் பேரைச் சொல்லிவிட்டு ஏறினார். எங்கள் எல்லோரிலும் ஜாக்கிரதையான மனுஷன், அன்றைக்கு மறந்துவிட்டார். நில்லுங்கள் என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. வண்டி திரும்பி மறைந்தது.

ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "போலாமா?"

"உக்காரு," என்றாள் சபேல். "அவரு மொதல்ல வீடு போய்ச் சேரட்டும். கூட யாரு போறாங்களோ அவங்களும் போய்ச் சேரட்டும்."

உட்கார்ந்தோம். யாரோ என் முன்னால் தட்டைத் தள்ளினார்கள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். இனித்தது. கண்ணிலிருந்து ஏதோ வழிந்து சர்க்கரையில் விழுந்தது, அதையும் சேர்த்துத் தின்றேன். இன்னொன்று எடுத்தேன். எனக்குப் பசித்தது.